ஒற்றைத் தலைவலியும் நியூரோபெப்டைடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்மசி மாணவர்களுக்கு மருந்தியல் நடத்துவது என் வேலை. 19 வயதிலிருந்து எனக்கு மைக்ரேன் உண்டு, அம்மாவுக்கும் உண்டு. இந்த இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் இருந்தால் தப்பிக்க முடியாது. கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகும் பக்கத்து இலைக்காரர், "அந்தப் புது ஊசி நல்லதா சார்?" என்று ஆரம்பிப்பார். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. யாருக்கு எந்த மருந்து என்பதை உங்களைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

மைக்ரேன் என்றால் கொஞ்சம் பலமான தலைவலி, அவ்வளவுதானே?

தலைவலி அதில் ஒரு கட்டம்தான். எனக்கு முதல் நாள் மாலையே கொட்டாவி தொடங்கிவிடும். தூக்கம் வராது, கொட்டாவி மட்டும் வரும். கழுத்து இறுகும், காரணமே இல்லாமல் நாக்கு இனிப்பு கேட்கும். மறுநாள் ஒரு பக்க நெற்றிப்பொட்டு நாடியோடு சேர்ந்து துடிக்கும். மாடி ஏறினால் படிக்கு ஒரு அடி விழும். கடுகு தாளிக்கிற வாசனைக்கே குமட்டும், டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் குத்தும். சிகிச்சை எடுக்காவிட்டால் இது 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். வலி விட்ட பிறகும் ஒரு நாள் முழுக்க அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

சிலருக்கு வலிக்கு முன்பு கண்ணெதிரே வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தெரியும். இதற்கு ஆரா என்று பெயர். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் ஒரு மின் மாற்றமே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். அந்த ஊர்வலத்தை முயலின் மூளையில் பார்த்து 1944ல் எழுதியவர் பிரேசிலைச் சேர்ந்த லியோ.

உலகில் 100 கோடிப் பேருக்கு மேல் மைக்ரேன் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பில், ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் நான்கில் ஒரு பங்கு. அப்புறம், 'ஒற்றைத் தலைவலி' என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். இரண்டு பக்கமும் வலிக்கிற மைக்ரேனும் உண்டு. "எனக்கு இரண்டு பக்கமும் வலிக்குது, அதனால் இது சைனஸ்" என்று வருடக்கணக்கில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நியூரோபெப்டைடு என்றால் என்ன?

அமினோ அமிலங்களைக் கோத்த சின்ன மாலை. புரதமும் அதே மாதிரி மாலைதான், ஆனால் மிக நீளமானது. இந்தச் சின்ன மாலைகளை நரம்புச் செல்களே செய்து, நரம்பு நுனியிலிருந்து வெளியே விடும்போது அவற்றை நியூரோபெப்டைடு என்கிறோம். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போகும் சிஜிஆர்பியில் 37 மணிகள். சப்ஸ்டன்ஸ் பி என்பதில் வெறும் 11.

நரம்புகள் பேசிக்கொள்ள குளூட்டமேட் மாதிரி இன்னும் சிறிய வேதிப்பொருள்களும் இருக்கின்றன. குளூட்டமேட் கதவைத் தட்டிச் சேதி சொல்லிவிட்டு அந்த நொடியே கிளம்பிவிடுகிற ஆள். நியூரோபெப்டைடு வந்தால் திண்ணையில் உட்கார்ந்துவிடும். பக்கத்து வீட்டையும் எதிர்வீட்டையும் கூப்பிட்டுப் பேசும். மெதுவாக ஆரம்பித்து நெடுநேரம் நீடிப்பது அதன் குணம். மைக்ரேன் நிமிடத்தில் வந்து நிமிடத்தில் போகாமல் மணிக்கணக்கில் இழுப்பதை இந்தக் குணத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அது வேலை செய்வதை நம் உடம்பிலேயே உணர முடியுமா?

முடியும். பச்சை மிளகாய் நறுக்கிய கையால் மூக்கோரம் சொறிந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எரியும், கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சூடாகிச் சிவக்கும். மிளகாயின் காரமான கேப்சைசின், வலி நரம்பின் நுனியில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற வாயிலைத் திறக்கிறது. உடனே அந்த நரம்பு இரண்டு வேலை செய்கிறது. 'எரிகிறது' என்று மூளைக்குச் சொல்வது ஒன்று. அதே நுனியிலிருந்து சிஜிஆர்பியையும் சப்ஸ்டன்ஸ் பியையும் தோலுக்குள் கொட்டுவது இன்னொன்று. அந்தச் சிவப்பு, சிஜிஆர்பி ரத்தக்குழாயை விரித்ததன் அடையாளம். ஒரே நரம்பு சேதியை உள்ளே அனுப்பிக்கொண்டே வெளியிலும் கைவரிசை காட்டுகிறது.

அந்த வாயிலை 1997ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் இங்கே வெறும் உதாரணம்தான். மூக்கோரத்தில் நடந்த இதே கூத்து, முகத்துக்கும் தலைக்குள்ளும் ஓடும் ஒரே நரம்பின் இன்னொரு கிளையில் நடந்தால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். மைக்ரேன் ஏறத்தாழ அதுதான்.

தலைக்குள் சரியாக எந்த இடத்தில்?

மூளைக்கு வலி தெரியாது. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை சிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். வலி தெரிவது மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்கும் அதில் ஓடும் ரத்தக்குழாய்களுக்கும். அவற்றுக்கு நரம்பு அனுப்புவது முக்கிளை நரம்பு, அதாவது டிரைஜெமினல். பல்வலியைச் சொல்வதும் இதே நரம்புதான். அதன் செல்கள் காதுக்கு முன்பக்கம், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சிறு பள்ளத்தில் முடிச்சாகக் கூடியிருக்கின்றன. அந்த முடிச்சுக்கு கேங்லியான் என்று பெயர்.

முடிச்சில் இரண்டு வகை இழைகள் கலந்திருக்கின்றன. மெல்லிய சி-இழைகள் சிஜிஆர்பியை விடுகின்றன. சற்றுப் பருத்த ஏ-டெல்டா இழைகளில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்று கொடுக்க ஒன்று வாங்க, வலிச்சேதி பலமடங்காகி மூளைத்தண்டுக்குப் போகிறது. இந்த முடிச்சு மூளையைக் காக்கும் ரத்தத் தடுப்புச் சுவருக்கு வெளியே இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஊசி மருந்துகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சிஜிஆர்பியை மைக்ரேனுக்காகத் தேடிக் கண்டுபிடித்தார்களா?

அதுதான் இல்லை. 1982ல் தைராய்டு சுரப்பியின் கால்சிடோனின் ஹார்மோனுக்கான மரபணுவைக் குடைந்துகொண்டிருந்தவர்கள், அதே மரபணுவை நரம்புச் செல் வேறு மாதிரி வெட்டி ஒட்டி வேறொரு பெப்டைடைச் செய்வதைக் கவனித்தார்கள். 'கால்சிடோனின் மரபணு சார்ந்த பெப்டைடு' என்ற நீளமான பெயர் அப்படி வந்ததுதான். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் சிஜிஆர்பி. பெயரில் தலைவலிக்கான வாடையே இல்லை.

மைக்ரேன் பக்கமிருந்து வந்த பாதை வேறு. 1979ல் பாஸ்டனில் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், முக்கிளை நரம்பு ரத்தக்குழாய்களின் மேல் பெப்டைடுகளைக் கொட்டுவதால்தான் வலி வருகிறது என்ற கருத்தை வைத்தார். அவர் கைகாட்டியது சப்ஸ்டன்ஸ் பியை. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் லார்ஸ் எட்வின்சன், மூளை ரத்தக்குழாய்களைச் சுற்றிய நரம்புகளில் சிஜிஆர்பி நிறைய இருப்பதையும் அது குழாய்களை வெகுவாக விரிப்பதையும் 1980களில் காட்டினார்.

அப்புறம் 1990. மைக்ரேன் வந்து துடித்துக்கொண்டிருந்தவர்களின் கழுத்துச் சிரையிலிருந்து பீட்டர் கோட்ஸ்பியும் எட்வின்சனும் ரத்தம் எடுத்தார்கள். அதே ஆளின் முழங்கை மடிப்பிலிருந்தும் எடுத்தார்கள். கழுத்து ரத்தத்தில் சிஜிஆர்பி ஏறியிருந்தது, கை ரத்தத்தில் ஏறவில்லை. சப்ஸ்டன்ஸ் பி உள்ளிட்ட மற்ற பெப்டைடுகள் எங்கேயும் ஏறவில்லை. 'மனசுதான் காரணம்', 'வேலைக்குப் போகாமலிருக்க ஒரு சாக்கு' என்றெல்லாம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சோதனைக்குழாய் அளவு ரத்தம் சாட்சி சொன்னது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

ஆனால் தீ எரியும் இடத்தில் நின்ற எல்லோரும் தீ வைத்தவர்கள் ஆகமாட்டார்கள். அந்த மிச்சச் சந்தேகத்தைக் கோபன்ஹேகனில் யெஸ் ஒலெசென் குழு தீர்த்தது. மைக்ரேன் உள்ளவர்களுக்குச் சிஜிஆர்பியைச் சிரையில் ஏற்றினார்கள். உடனே லேசான தலைவலி. சில மணி நேரம் கழித்துப் பலருக்கு வழக்கமான மைக்ரேனே வந்துவிட்டது. அந்த முடிவு 2002ல் வெளியானது. மைக்ரேன் இல்லாதவர்களுக்கு இதே பெப்டைடை ஏற்றினால் பெரும்பாலும் லேசான தலைபாரத்தோடு முடிந்துபோகிறது. அதாவது பெப்டைடு எல்லோரிடமும் இருக்கிறது, அதற்கு இப்படி எகிறிக் குதிக்கும் நரம்பு சிலரிடம்தான் இருக்கிறது. மாஸ்கோவிட்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஒலெசென் நால்வருக்கும் 2021ல் டென்மார்க்கின் 'பிரெயின் பிரைஸ்' விருது கிடைத்தது.

ரத்தக்குழாய் விரிவதால்தான் மைக்ரேன் என்று படித்திருக்கிறேனே?

நானும் அப்படித்தான் படித்தேன். நியூயார்க்கில் ஹெரால்ட் வுல்ஃப் 1930களில் செய்த சோதனைகளிலிருந்து வந்த கருத்து அது. ரத்தக்குழாயைச் சுருக்கும் எர்காட்டமின் என்ற மருந்தைக் கொடுத்தால் நெற்றிப்பொட்டு நாடித்துடிப்பு அடங்குகிறது, வலியும் அடங்குகிறது, ஆகவே குழாய்தான் காரணம். கேட்க நியாயமாக இருக்கும்.

இதை ஆட்டம் காண வைத்ததும் ஒரு நியூரோபெப்டைடுதான். விஐபி என்று பெயர், விமான நிலைய விஐபி இல்லை. 28 அமினோ அமிலம் கொண்டது, ரத்தக்குழாயைப் பிரமாதமாக விரிக்கும். மைக்ரேன் உள்ளவர்களுக்கு அதை 20 நிமிடம் ஏற்றினார்கள். குழாய் விரிந்தது, மைக்ரேன் வரவில்லை. பின்னாளில் 2 மணி நேரம் ஏற்றிப் பார்த்தபோது பலருக்கு வந்தது. விரிவு மட்டுமே காரணமாக இருந்தால் முதல் சோதனையிலேயே வந்திருக்க வேண்டும். 2013ல் வெளிவந்த எம்ஆர்ஐ ஆய்வு ஒன்றிலும், தானாக வந்த மைக்ரேனின்போது மண்டைக்கு வெளியே உள்ள தமனிகள் விரியவே இல்லை. குழாய் விரிவது கூடவே நடக்கிற விஷயம். வலி நரம்பில் இருக்கிறது.

சப்ஸ்டன்ஸ் பி என்ன ஆனது?

1931ல் குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட பழம்பெரும் பெப்டைடு அது. 1990களில் அதன் ஏற்பியை அடைக்கும் மருந்துகளை மைக்ரேனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியில் நன்றாக வேலை செய்தவை மனிதரிடம் படுதோல்வி. அதே குடும்பத்தைச் சேர்ந்த அப்ரெபிட்டன்ட் இன்று கீமோதெரபி வாந்திக்கு நல்ல மருந்து. தலைவலிக்குத் தேடி வாந்தியில் போய் நின்ற கதை. எலியைப் பற்றி ரொம்ப நம்பிக்கையோடு பேசுகிற மாணவர்களுக்கு இதை எப்போதும் சொல்வேன்.

ரத்தத்தில் சிஜிஆர்பி பார்த்து மைக்ரேனா என்று சொல்லிவிடலாமா?

முடியாது. அது ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். குடல், இதயம் எனப் பல இடங்களிலிருந்தும் வரும். 1990 முடிவையே மறுபடி சோதித்த ஒரு கோபன்ஹேகன் ஆய்வு, 2005ல், உயர்வு எதையும் காணவில்லை. ஆராய்ச்சிக்கு உதவும் அளவு வேறு, லேபில் பணம் கட்டிப் பார்க்கும் அளவு வேறு. மைக்ரேனை இன்றும் நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

சுமாட்ரிப்டான் மாதிரி மாத்திரைகளுக்கும் பெப்டைடுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் அது பிறகுதான் புரிந்தது. சுமாட்ரிப்டான் வகை மாத்திரைகளுக்கு டிரிப்டான் என்று பெயர். ரத்தக்குழாயைச் சுருக்கத்தான் அவற்றை வடிவமைத்தார்கள். 1991ல் நெதர்லாந்தில் சுமாட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. 1993ல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் பார்த்தபோது, மருந்து கொடுத்து வலி குறையக் குறைய ஏறியிருந்த சிஜிஆர்பியும் இறங்கியிருந்தது. டிரிப்டான் நரம்பு நுனியிலுள்ள செரட்டோனின் ஏற்பிகளைத் தொட்டு, பெப்டைடு வெளியே கொட்டுவதை மட்டுப்படுத்துகிறது. குழாயைச் சுருக்கும் குணமும் அதற்கு உண்டு என்பதால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

அந்தப் புது ஊசி எது?

நான்கு ஊசிகள் இருக்கின்றன. எரெனுமாப், ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப் மூன்றும் 2018ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எப்டினெசுமாப் 2020ல் வந்தது. 'மாப்' என்று முடிந்தால் மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே ஒரு இலக்கைப் பிடிக்கும்படி செய்த எதிர்ப்புரதம். எரெனுமாப் சிஜிஆர்பியின் ஏற்பியில் போய் அமர்ந்துகொள்ளும், அதனால் பெப்டைடு வந்தாலும் உட்கார இடமிருக்காது. மற்ற மூன்றும் பெப்டைடையே வழியில் மடக்கிப் பிடிக்கும்.

இவை வலி வந்தபின் போடுகிற ஊசிகள் இல்லை, வராமல் தடுக்கப் போடுபவை. முதல் மூன்றையும் தோலுக்கு அடியில் போட வேண்டும், பெரும்பாலும் மாதம் ஒருமுறை. ஃப்ரெமனெசுமாபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் போடலாம். எப்டினெசுமாப் சிரை வழியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எரெனுமாப் பேனாவை ஃபிரிட்ஜில் வைத்து, போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் வெந்நீரில் முக்கிச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் புரதம் கெட்டுப்போகும். பால் திரிவது மாதிரிதான்.

இந்த எதிர்ப்புரதம் சிஜிஆர்பியைவிடச் சுமார் 40 மடங்கு கனமானது. மூளைத் தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே போவது மிகச் சொற்பம். அப்படியும் பலன் கிடைக்கிறதே, எப்படி? மேலே சொன்ன நரம்பு முடிச்சும் மூளை உறையும் சுவருக்கு வெளியே இருக்கின்றன. வெளியே அடைத்தாலே போதும் என்றால், மைக்ரேனில் வலியின் ஒரு பெரிய பகுதி வெளியேதான் உற்பத்தியாகிறது. மருந்து கண்டுபிடித்ததைவிட இந்தத் தகவல்தான் எனக்கு ருசி.

மாத்திரையாக எதுவும் இல்லையா?

ஜெபன்ட் என்ற வகை இருக்கிறது. இவை சின்ன மூலக்கூறுகள், சிஜிஆர்பி ஏற்பியை அடைப்பவை. முதலில் வந்தது ஒல்செஜெபன்ட். 2004ல் சிரை வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது 66 சதவீதம் பேருக்கு 2 மணி நேரத்தில் வலி தணிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மருந்து (பிளசீபோ) போட்டவர்களில் 27 சதவீதம். ஆனால் அதை மாத்திரையாக்க முடியவில்லை. அடுத்த டெல்காஜெபன்ட் மாத்திரையாகவே வந்தது, வேலையும் செய்தது. தினமும் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறியதால் 2011ல் கைவிட்டார்கள். கரைக்கு வந்த படகு கவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு வேறு மூலக்கூறுகளோடு 2019 கடைசியில் உப்ரோஜெபன்ட், 2020ல் ரிமெஜெபன்ட், 2021ல் அட்டோஜெபன்ட், 2023ல் மூக்கில் அடிக்கும் சவெஜெபன்ட் என்று வரிசையாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரிமெஜெபன்டை வலி வந்தபோதும் போடலாம், வராமல் தடுக்கவும் போடலாம். இதில் எனக்குப் பிடித்த சோதனை 2023ல் வந்தது. முன்னறிகுறிகள் தெரிந்த உடனேயே, வலி தொடங்கும் முன்பே, உப்ரோஜெபன்டைப் போடச் சொன்னார்கள். 46 சதவீத முறை அடுத்த 24 மணி நேரத்துக்குச் சுமாரான அல்லது கடுமையான வலி எட்டிப் பார்க்கவில்லை. வெற்று மாத்திரையில் 29 சதவீதம். என் முந்தின நாள் கொட்டாவிக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

உண்மையில் எவ்வளவு பலன்? விளம்பரம் வேண்டாம்.

எரெனுமாபை 955 பேரிடம் சோதித்த ஆய்வைப் பார்ப்போம். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் சராசரி 8 நாள் மைக்ரேன். 140 மில்லிகிராம் போட்டவர்களுக்கு அதில் 3.7 நாள் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கும் 1.8 நாள் குறைந்தது. வலி நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ போனவர்கள் மருந்துப் பக்கம் சரியாக 50 சதவீதம், வெற்று ஊசிப் பக்கம் 26.6 சதவீதம். ரிமெஜெபன்ட் போட்டு 2 மணி நேரத்தில் வலி சுத்தமாகப் போனவர்கள் ஐந்தில் ஒருவர்தான், வெற்று மாத்திரையில் ஒன்பதில் ஒருவர்.

'இவ்வளவுதானா' என்று கேட்பீர்கள். சராசரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தச் சராசரிக்குள் வலி நாள்கள் பாதிக்கும் கீழே இறங்கியவரும் இருக்கிறார், அவ்வளவாகக் குறையாதவரும் இருக்கிறார். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இன்னும் கையில் இல்லை. இரண்டு மூன்று மாதம் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படியென்றால் பழைய மாத்திரைகளே போதாதா?

பலருக்குப் போதும். புரொப்ரனலால் இதய நெஞ்சுவலிக்கு வந்தது, டோபிராமேட்டும் வால்புரோயேட்டும் வலிப்புக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு. எல்லாம் இரவல் வாங்கியவை. நம் ஊரில் ஃப்ளுனரிசினும் நிறைய எழுதுகிறார்கள். விலை குறைவு, எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும். கஷ்டம் என்னவென்றால் பாதியில் விட்டுவிடுவோர் அதிகம். ஜெர்மனியில் டோபிராமேட்டையும் எரெனுமாபையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியவர்கள் டோபிராமேட்டில் 38.9 சதவீதம், எரெனுமாபில் 10.6 சதவீதம். டோபிராமேட் சாப்பிட்ட காலத்தில் கரும்பலகை முன்னால் நின்று 'பாராசிட்டமால்' என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தவன் நான். மாணவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

பழைய மருந்துகள் தோற்ற பிறகுதான் புதியவை என்ற நிபந்தனை தேவையில்லை, முதல் வரிசையிலேயே சிஜிஆர்பி மருந்துகளை யோசிக்கலாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024ல் சொல்லிவிட்டது. நம் சட்டைப்பை அதை ஒத்துக்கொள்ள வேண்டுமே! சொந்தக் காசில் மருந்து வாங்கும் ஊரில் பழைய மாத்திரையில் தொடங்குவதை நான் தப்பாகச் சொல்லமாட்டேன். வால்புரோயேட்டை மட்டும் கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்குத் தவிர்ப்பார்கள், சிசுவைப் பாதிக்கும்.

சிஜிஆர்பியை அடைத்தால் உடம்பில் வேறெதுவும் கெடாதா?

நியாயமான கேள்வி. அந்தப் பெப்டைடு மைக்ரேன் தருவதற்கென்று உடம்பில் வைக்கப்பட்டது இல்லை. குடல் அசைவில் அதற்கு வேலை உண்டு. ஆகவே எரெனுமாபில் மலச்சிக்கல் வரலாம், சிலருக்கு ஆஸ்பத்திரி வரை போகும் அளவுக்கு. ரத்த அழுத்தம் ஏறலாம் என்ற எச்சரிக்கையும் பிறகு சேர்க்கப்பட்டது. ஊசி போட்ட இடத்தில் தடிப்பும் வலியும் சாதாரணம். இதயத்துக்கோ மூளைக்கோ ரத்தம் குறையும்போது குழாயை விரித்துக் காப்பாற்றுவதில் சிஜிஆர்பிக்குப் பங்கிருக்கலாம் என்பதால், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களிடம் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரி என்பதே என் கருத்து.

கர்ப்பமாக இருக்கும்போது?

வேண்டாம். ஊசி மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் சுமார் 5, 6 மாதம் முன்பே நிறுத்துவது வழக்கம். இதை முதல் ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பொடாக்ஸ் ஊசியும் இதில் சேர்த்தியா?

சேர்த்திதான். மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி உள்ள நாள்பட்ட மைக்ரேனுக்கு 2010ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என்று 31 இடங்களில், 12 வாரத்துக்கு ஒருமுறை. நரம்பு நுனியிலிருந்து சிஜிஆர்பி வெளியேறும் வழியை அது அடைக்கிறது. நெற்றிச் சுருக்கம் போவது இனாம்.

சுக்குப் பத்து, தைலம் எல்லாம் சும்மாவா?

அம்மா சுக்கை அம்மியில் இழைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் நெற்றியில் போட்டுக்கொண்டு, ஈரத்துண்டால் தலையை இறுகக் கட்டி, ஜன்னலை மூடிப் படுத்துவிடுவார். இஞ்சி, சுக்கின் காரமும் மிளகாய்க் காரம் திறக்கிற அதே டிஆர்பிவி1 வாயிலைத் திறக்கிறது. தைலத்தில் இருக்கும் மென்தால் குளிர்ச்சியை உணரும் வேறொரு வாயிலைத் தொடுகிறது. ஆகவே நெற்றியில் போடுவது நரம்புக்குத் தெரியாமல் போவதில்லை. ஆனால் பத்து போட்டதால் மைக்ரேன் மாதத்துக்கு இத்தனை நாள் குறைந்தது என்று சொல்ல அளந்து பார்த்த ஆதாரம் வேண்டும். இருட்டறையும் தூக்கமும் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து எரிந்து தோல் கொப்பளிக்கும் அளவுக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான்.

வலி மாத்திரை அடிக்கடி போட்டால் தலைவலி கூடும் என்கிறார்களே?

உண்மை. சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் 10 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் போனால் மருந்தே தலைவலியைத் தரத் தொடங்கும். ஜெபன்ட்களில் இந்தப் பிரச்சினை இதுவரை தென்படவில்லை. டாக்டரிடம் போகும் முன் தினசரி காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வாருங்கள். மூன்று மாதத் தாள்கள் பேசுகிற அளவுக்கு எந்த ஸ்கேனும் பேசாது. ஆனால் இடி விழுந்த மாதிரி நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி, இவற்றுக்குக் காலண்டர் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும்.

சிஜிஆர்பி மருந்து எதுவுமே கேட்கவில்லை என்றால்?

ஒரு வகை கேட்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாற்றிப் பார்ப்பது உண்டு. ஏற்பியை அடைக்கும் மருந்து தோற்றவரிடம் பெப்டைடைப் பிடிக்கும் மருந்து பலன் தரலாம். அதற்கும் அசையாதவர்களிடம் வேறொரு பெப்டைடு பின்னணியில் இருக்கலாம் என்ற சந்தேகம் பலமாகியிருக்கிறது. அதன் பெயர் பேகாப், 1989ல் ஆட்டின் ஹைப்போதலாமஸிலிருந்து பிரித்தது, 38 அமினோ அமிலம் கொண்டது. இதைச் சிரையில் ஏற்றினாலும் மைக்ரேன் உள்ளவர்களில் பலருக்கு வலி வருகிறது.

முதலில் அதன் ஏற்பிகளில் ஒன்றை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஏற்பியை விட்டுவிட்டு பேகாபையே பிடிக்கும் எதிர்ப்புரதத்தை 237 பேரிடம் சோதித்த முடிவு 2024ல் வந்தது. இரண்டு முதல் நான்கு தடுப்பு மருந்துகள் வரை தோற்றுப்போனவர்கள் அவர்கள். ஒரே ஒரு முறை சிரையில் ஏற்றினார்கள். அடுத்த 4 வாரத்தில் அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு 6.2 மைக்ரேன் நாள்கள் குறைந்தன, வெற்று மருந்துக்காரர்களுக்கு 4.2. இடைவெளி 2 நாள். கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னால், "ரெண்டு நாளுக்கா இவ்வளவு பாடு?" என்பார்கள். மாதத்தில் பாதி நாள் இருட்டறையில் படுத்திருப்பவர்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.